தானாகத் தட்டும் கீபோர்டு: வைரஸா, டீயா?

யாரும் தொடாமலே திரையில் ]]]]]]]] என்று ஓடத் தொடங்கினால் வீட்டில் முதலில் எழும் குரல் "ஹேக் பண்ணிட்டாங்க" என்பதுதான். பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் அடுத்து நடப்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஐ.டி.யில் வேலை பார்க்கும் அக்கா மகனுக்குப் போன் போகும். அவன் வைட்ஃபீல்டில் இரண்டு மீட்டிங்குக்கு நடுவே எடுத்து, "ஃபார்மட் பண்ணிடுங்க மாமா, எல்லாம் சரியாயிடும்" என்பான். தெருமுனைக் கடையில் ஃபார்மட் நடக்கும். ஊர்த் திருவிழாப் படங்கள், பென்ஷன் கணக்கு எழுதி வைத்த எக்ஸெல் எல்லாம் போய்ச் சேரும். புது விண்டோஸ் ஏறி, உங்கள் பெயர் என்ன என்று கேட்கும் கட்டத்துக்கு வந்ததும் அந்தப் பெட்டியிலேயே மறுபடியும் ]]]]]]]].

இதற்குப் பிறகு வரும் முடிவுதான் வேடிக்கை. ஃபார்மட்டுக்கே சாகாத வைரஸ் என்று நம்பிவிடுகிறார்கள். டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்த பிறகும் வருகிறது என்றால் அது டிஸ்க்கில் இல்லை என்பதுதானே நேரான கணக்கு? ஒரு விசை அழுத்தம் விரலில் தொடங்கித் திரை வரை போகிற வழியில் எந்த இடத்தில் நுழைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பயம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி தீரக்கூடாத பயம். அதை வைக்கவேண்டிய இடம் வேறு.

கீபோர்டுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நூற்றுச் சொச்சம் விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் தியேட்டர் இருக்கை எண் மாதிரி வரிசை, நெடுவரிசை என்று கோடுகளைப் போட்டிருப்பார்கள். 8 குறுக்குக் கோடும் 18 நெடுக்குக் கோடும் இருந்தால் மொத்தம் 26 கோடுகளிலேயே 144 விசைகளுக்கு இடம் கிடைத்துவிடும். உள்ளே இருக்கும் ஒரு சிறிய சிப் ஒவ்வொரு கோடாக மின்சமிக்ஞை அனுப்பி, அது எந்தக் கோட்டின் வழியே திரும்பி வருகிறது என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் இந்த வேலையை மதர்போர்டில் உள்ள கன்ட்ரோலர் செய்கிறது. கோடுகள் ஒரு மெல்லிய ரிப்பன் கேபிள் வழியாக அதற்குப் போகின்றன.

அந்தச் சிப்புக்கு விரல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இந்தக் கோடும் அந்தக் கோடும் தொட்டால் விசை அழுந்தியது, விட்டால் விடுபட்டது, அவ்வளவுதான் அதன் உலகம். சாதாரண கீபோர்டுகளில் விசைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் மூன்று அடுக்காக இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்கடத்தும் மையால் கோடுகள், நடுவில் ஓட்டைகள் உள்ள ஒரு தாள். விரல் அழுத்தும்போது ஓட்டை வழியே மேல் கோடு கீழ்க் கோட்டைத் தொடும். விரலுக்குப் பதில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் அந்த இடைவெளியில் உட்கார்ந்தாலும் சிப் அதே முடிவுக்குத்தான் வரும். கோட்டில் அரிப்பு பிடித்தாலோ, ரிப்பன் கேபிள் தன் இடத்தில் சரியாக உட்காராமல் போனாலோ கதை அதேதான்.

கோடுகளைப் பல விசைகள் பங்குபோட்டுக்கொள்வதால் இன்னொரு கூத்தும் நடக்கும். வரிசை, நெடுவரிசைச் சந்திப்பில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகள் ஒரே நேரத்தில் அழுந்தினால், நான்காவது மூலையில் உள்ளதும் அழுந்தியதாகச் சிப்புக்குத் தோன்றும். இதைத் தடுக்க விலை கூடிய கீபோர்டுகளில் ஒவ்வொரு விசைக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு வைப்பார்கள். மலிவானவற்றில் சந்தேகமான சேர்க்கைகளைச் சிப்பே ஒதுக்கிவிடும். ஆக, கோட்டில் ஒரே ஒரு இடத்தில் கசிவு இருந்தால்கூட, பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத விசைகள் சேர்ந்து கூத்தாடலாம். "அந்த மூலையில ஒண்ணு, இந்த மூலையில ஒண்ணு, எப்படிங்க கெட்டுப்போகும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கு "அழுந்தியது" என்று ஒரு செய்தியும் "விடுபட்டது" என்று ஒரு செய்தியும் தனித்தனியாகப் போகின்றன. முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால், விரல் இன்னும் விசை மேலேயே இருக்கிறது என்று எண்ணி அதே எழுத்து வரிசையாக வந்துகொண்டிருக்கும். திரை முழுக்க ஓடும் ]]]]]]]] ஒரே ஒரு அழுத்தம்தான். அதற்கு முடிவு வரவில்லை, அவ்வளவே.

லிங்கராஜபுரத்தில் இருக்கும் என் பெரியப்பா வீட்டு லேப்டாப்பைப் பார்த்தால் இதெல்லாம் கண்ணுக்கு முன்னால் விளங்கும். அவர் வைத்த புகார் மூன்று. எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை யாரோ பின்னாலிருந்து அழிக்கிறான். வாட்ஸ்அப் வெப்பில் பாதி எழுதிய மெசேஜ் தானாகப் போய்விடுகிறது, சம்பந்தியிடம் அசிங்கமாகிவிட்டது. அப்புறம் அந்த ]]]] மற்றும் ====. "ராத்திரி ஒம்பது மணிக்கு மேலதான்டா வர்றான். பகல்ல வர்றதில்ல" என்றும் சொன்னார். திருடனுக்கு ஷிஃப்ட் டைம்கூடக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

புகார்களை விசைகளாக மொழிபெயர்த்துப் பாருங்கள். அழிப்பது பேக்ஸ்பேஸ். மெசேஜை அனுப்புவது என்டர். மற்றவை அடைப்புக்குறியும் சமக்குறியும். நான்கும் கீபோர்டின் வலது மேல் மூலையில் ஒன்றையொன்று ஒட்டி இருப்பவை. பெரியப்பா வலதுகைக்காரர். சாயங்கால டீ டம்ளரை வைக்கும் இடம் லேப்டாப்புக்கு வலப்பக்கம், மேசை மேல் வட்ட வட்டமாகக் கறையே இருந்தது. அடைப்புக்குறி விசையின் மூடியை நகத்தால் நெம்பி எடுத்ததும் அடியில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு படலம். டீ கொட்டியதே அவருக்கு நினைவில்லை. பெரியம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது.

ராத்திரி மட்டும் ஏன்? பகலில் அவர் அதைத் திறப்பதே இல்லை. ஏழு மணி செய்தி முடிந்து உட்கார்ந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் லேப்டாப்பின் வயிறு சூடாகிவிடும். காய்ந்த சர்க்கரையும் பாலும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. சூட்டில் இளகும், பிளாஸ்டிக் தாளும் லேசாக விரியும். அணைத்து ஆறிப்போனதும் ஒழுங்காக வேலை செய்யும். மழைக்காலத்தில் இந்த மாதிரிப் புகார்கள் கூடுவதற்கும் காற்றின் ஈரம்தான் காரணம். விட்டுவிட்டு வருகிற கோளாறு எதுவானாலும் அதற்கு ஒரு மனசு இருப்பதுபோல நமக்குத் தோன்றுகிறது. நாள் முழுக்க ஒரே மாதிரி ரிப்பேராக இருந்திருந்தால் பெரியப்பாவே "கீபோர்டு போச்சு" என்று சொல்லியிருப்பார். போய்ப் போய் வந்ததால்தான் ஆளைத் தேடினார்.

டீ மட்டுமே குற்றவாளி என்றில்லை. ஆப்பிள் 2015இல் கொண்டுவந்த மிக மெல்லிய பட்டர்ஃபிளை கீபோர்டில் ஒரு தூசி போதும், எழுத்து இரண்டு இரண்டாக விழும், அல்லது விழவே விழாது. 2018 ஜூனில் அந்த நிறுவனம் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது. அமெரிக்காவில் நடந்த வழக்கில் 2022இல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அத்தனை விலை கொடுத்து வாங்கிய கீபோர்டே தானாக எழுத்தை இரட்டிப்பாக்கும் என்றால், டீ குடித்த பழைய லேப்டாப்பைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

உண்மையிலேயே உடனடி ஆபத்து இருக்கும் ஒரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பேட்டரி உப்புவது. 2020க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதில், நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்புகள் இந்த ஊரில் ஏராளம். எப்போதும் முழுச் சார்ஜில், சூட்டில் கிடக்கும் லித்தியம் பேட்டரியின் உள்ளே வேதிப்பொருள் சிதைந்து வாயு சேரும், உறை தலையணை மாதிரி உப்பும். பல மாடல்களில் பேட்டரியின் இடம் டச்பேடுக்கும் கீபோர்டுக்கும் நேர் கீழே. உப்பல் அடியிலிருந்து தள்ளும்போது விசைகள் தானாக அழுந்தும், டச்பேடு தானாகக் கிளிக் செய்யும். மூடி முழுதாக மூடவில்லை, மேசை மேல் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது, டச்பேடு ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது: இதில் ஒன்று தெரிந்தாலும் ஆன்டிவைரஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். குத்திப் பார்ப்பதும் அழுத்தி உள்ளே தள்ளுவதும் தீப்பிடிக்க வைக்கும்.

பி.ஜி. விடுதிகளில் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட். கீபோர்டைவிட டச்பேடும் தொடுதிரையும்தான் இதில் அதிகம் பேயாடும். சார்ஜரைக் கழற்றியதும் அடங்கிவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லி ஓனரிடம் சண்டை போடுங்கள்.

கோளாறே இல்லாமல் கோளாறு மாதிரித் தெரிவதும் உண்டு. ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதியை இயக்கவா என்று விண்டோஸ் கேட்கும், வலது ஷிஃப்டை எட்டு விநாடி அமுக்கினால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை. யாரும் அமுக்காமல் இந்த அறிவிப்புகள் வந்தால் ஷிஃப்ட் விசை மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதுவே நல்ல துப்பு. சில லேப்டாப்புகளில் நம் லாக் (Num Lock) விசை தவறிப் பட்டுவிட்டால் வலப்பக்க எழுத்துகளெல்லாம் எண்களாக விழும். தமிழ் 99 விசைப்பலகை அமைப்பு போட்டிருப்பவர்களுக்கு விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்ந்து பட்டு மொழி மாறி, ஆங்கிலத்தில் அடித்த பாஸ்வேர்டு ஏற்காமல் போய், "பாஸ்வேர்டையே மாத்திட்டான்" என்ற முடிவுக்கு வந்த கதைகளும் கேட்டிருக்கிறேன். குரல் தட்டச்சு தெரியாமல் ஆன் ஆகிவிட்டால் பக்கத்து அறை டி.வி. பேசுவதெல்லாம் திரையில் ஏற முயலும், அதைப் பார்த்தால் பயம் வருவது நியாயம்தான்.

ஆபீஸ் மெஷினுக்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் போகிறவர்கள் தினமும் பார்ப்பது வேறொன்று. கன்ட்ரோலை அமுக்கியபடி ஜன்னல் மாறும்போது, "அழுந்தியது" அந்தப் பக்கம் போய், "விடுபட்டது" இந்தப் பக்கம் தங்கிவிடும். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கன்ட்ரோல் இன்னும் அழுந்தியிருப்பதாகவே நினைக்கும், சாதாரண எழுத்தை அடித்தால்கூட ஏதேதோ ஜன்னல் திறக்கும். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், விண்டோஸ் விசைகளை ஒவ்வொரு முறை தட்டிவிட்டால் சரியாகிவிடும்.

வயர்லெஸ் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு விஷயம் காற்றிலும் இருக்கிறது. "விடுபட்டது" என்ற செய்தி காற்றில் தொலைந்தால் எழுத்து ஓடத் தொடங்கும். பேட்டரி தீர்ந்துகொண்டிருப்பது சாதாரணக் காரணம். அடுத்தது பலருக்குத் தெரியாதது: யு.எஸ்.பி. 3 போர்ட்டில் செருகிய ஹார்ட் டிஸ்க், கேபிள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். கீபோர்டின் சமிக்ஞையை வாங்கக் கம்ப்யூட்டரில் செருகும் சின்ன டாங்கிளும் அதே அலைவரிசைதான். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை ஒரு சிறிய நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தாலே போதும். அப்புறம், பழைய ஆபீஸ் கீபோர்டு ஒன்று அலமாரியில் ஃபைல்களுக்கு அடியில் நசுங்கிக் கிடக்க, அதன் டாங்கிள் மட்டும் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகியபடியே இருக்கும் வீடுகளும் உண்டு. பேய் அலமாரியில் இருக்கும்.

சரி, எங்கே நுழைகிறது என்று பார்ப்பது எப்படி? வழியை ஒவ்வொரு இடமாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். முதலில் வைஃபையையும் ப்ளூடூத்தையும் அணைத்து, எல்லா யு.எஸ்.பி.யையும் பிடுங்கி, நோட்பேடைத் திறந்து வைத்துவிட்டு, லேப்டாப்பைத் தொடாமல் விட்டுவிடுங்கள். இணையமே இல்லாதபோதும் நோட்பேடில் எழுத்து விழுந்தால் தூரத்தில் உட்கார்ந்து எவனும் தட்டவில்லை. நோட்பேடில் என்ன விழுந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். அதே இரண்டு மூன்று விசைகள் மாற்றி மாற்றி வந்தால் இயந்திரம். மனிதனோ மனிதன் எழுதிய நிரலோ என்றால் அதில் ஒரு நோக்கம் இருக்கும்: ஒரு ஜன்னல் திறக்கும், ஒரு கட்டளை முழுதாக அடிக்கப்படும், ஒரு முகவரிக்குப் போகும்.

அடுத்த வெட்டு விண்டோஸையே விட்டு வெளியே போவது. கம்ப்யூட்டரை இயக்கியதும் எஃப் 2, எஃப் 10, டிலீட் என்று மாடலுக்கு ஏற்ற விசையைத் தட்டி, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, விண்டோஸில் ஒட்டிய எந்த வைரஸும் இல்லை. அந்த மெனுவில் தேர்வுப் பட்டை தானாகக் கீழே ஓடினால் சந்தேகம் முடிந்தது, கீபோர்டுதான். எதையும் சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். ஆனால் அங்கே இரண்டு நிமிடம் சும்மா இருந்துவிட்டது என்பதற்காக கீபோர்டுக்கு நற்சான்று கொடுத்துவிடக்கூடாது. பெரியப்பா லேப்டாப் மாதிரி சூடேற நேரமாகும் கேஸ்களில் இந்தச் சோதனை ஏமாற்றும். அதற்கு உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே இயக்கி, ஒரு எழுத்துப் பெட்டியைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. பயாஸுக்கு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும் தீநிரலும் உலகில் இருக்கிறது, 2018இல் ஈசெட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் லோஜாக்ஸ் என்ற ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னது. அது அரசு அமைப்புகளைக் குறிவைத்த சரக்கு. அவ்வளவு மெனக்கெட்டு உள்ளே வந்தவன் அடைப்புக்குறி அடித்துக்கொண்டிருக்க மாட்டான்.

இங்கேதான் விஷயத்தின் மையமே இருக்கிறது. வைரஸ் என்றால் தன்னைக் காட்டிக்கொள்ளும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்தோ வந்திருக்கிறது. ஒரு காலத்தில் அது உண்மை. 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய பிரெயின் வைரஸ் அவர்கள் பெயரையும் போன் நம்பரையும் சுமந்துகொண்டுதான் ஃபிளாப்பிகளில் பரவியது. 80களின் கடைசியில் வந்த கேஸ்கேட், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் திரையில் இருக்கும் எழுத்துகளை மழை மாதிரி கீழே உதிர வைத்தது. எழுதியவர்களுக்கு அதில் கிடைத்தது பெருமை, வேடிக்கை. பணம் வந்த பிறகு இந்த வேடிக்கையெல்லாம் நின்றுபோனது. 2007 வாக்கில் தலைகாட்டிய ஜீயஸ் போன்ற வங்கித் திருட்டு நிரல்கள், நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டைச் சத்தமில்லாமல் குறித்து அனுப்பின. கணினியின் சொந்தக்காரர் சந்தேகப்படாத வரைக்கும்தான் அவற்றுக்குச் சோறு.

எவ்வளவு சத்தமில்லாமல் என்பதற்கு 2017 மே மாதம் வெளியே வந்த ஒரு விஷயம் நல்ல உதாரணம். எச்.பி.யின் சில லேப்டாப் மாடல்களில் கோனெக்ஸன்ட் நிறுவனத்தின் ஆடியோ டிரைவர், அழுத்தப்படும் ஒவ்வொரு விசையையும் டிஸ்க்கில் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தது. மைக்கை அணைக்கும் விசையைக் கவனிப்பதற்காக எழுதிய நிரலில், சோதனைக்கு வைத்த பகுதியை எடுக்காமல் விட்டிருந்தார்கள். திருடும் எண்ணமே இல்லை, பிறகு சரிசெய்தும் விட்டார்கள். ஆனால் அந்த லேப்டாப்பை வைத்திருந்தவர்களில் எவருக்காவது திரையில் ஏதாவது தெரிந்ததா? ஒன்றும் தெரியவில்லை. மோட்ஸீரோ என்ற சுவிட்சர்லாந்து நிறுவனத்து ஆய்வாளர்கள் நோண்டிப் பார்த்ததால்தான் தெரிந்தது.

அதற்காகத் தானாகத் தட்டுவதெல்லாம் டீ என்று ஒதுக்கிவிட முடியாது. கீபோர்டு என்று சொல்லிக்கொள்ளும் எதையும் கம்ப்யூட்டர் அப்படியே நம்பும். 2014இல் பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற ஆய்வாளர்கள் சாதாரண பென் டிரைவின் உள்நிரலை மாற்றி, அது கீபோர்டாக வேஷம் போட்டுக் கட்டளைகளை அடிப்பதைக் காட்டினார்கள். 2022 ஜனவரியில், இப்படிப்பட்ட யு.எஸ்.பி.க்களைப் பரிசுப் பார்சல் மாதிரி தபாலில் அனுப்பும் ஒரு கும்பலைப் பற்றி எஃப்.பி.ஐ. எச்சரித்தது. 2016இல் பாஸ்டில் நிறுவனம் வெளியிட்ட மவுஸ்ஜாக், சில வயர்லெஸ் மவுஸ் டாங்கிள்களுக்குத் தூரத்திலிருந்தே விசை அழுத்தங்களை அனுப்ப முடியும் என்று காட்டியது. 2023 டிசம்பரில் ப்ளூடூத்திலும் அதே மாதிரி ஓட்டை வெளியானது. இவற்றில் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். அடிப்பது விநாடிக் கணக்கில் முடிந்துவிடும். கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஏதோ ஓடி, மூடிக்கொள்ளும். யாரோ கொடுத்த யு.எஸ்.பி.யைச் செருகியதும் அப்படி ஒன்று நடந்தால் அங்கே பயப்படுங்கள்.

நம் ஊர்களில் அதைவிடச் சாதாரணமாக நடப்பது, கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்க உதவும் ரிமோட் ஆப் வழியாக வருவது. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை ஒழுங்கான நிரல்கள்தான். வங்கியிலிருந்து பேசுகிறேன், கஸ்டமர் கேர் என்று சொல்லி ஒருவன் போனில் அதை நிறுவ வைத்து, எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டால் கதவைத் திறந்துவிட்டவர் நீங்களே. அப்போது தெரிவது ]]]] அல்ல. மவுஸ் அம்பு நிதானமாக, தெரிந்த இடத்துக்குப் போகும். நெட்பேங்கிங் பக்கம் திறக்கும். அதுபோல ஒன்றைக் கண்டால் யோசிக்காமல் வைஃபையை அணைக்க வேண்டும், வேறொரு சாதனத்திலிருந்து ஈமெயில், வங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்றி, திறந்திருக்கும் எல்லா லாகினையும் வெளியேற்ற வேண்டும். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்த அதில்தான் வாய்ப்பு.

இந்த இரண்டும் சேரும் இடம்தான் எனக்குக் கோபம் வரவைப்பது. கீபோர்டில் டீ கொட்டிய ஒருவர் பயந்துபோய் இணையத்தில் தேடுகிறார். "உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று ஒரு பக்கம் கூவுகிறது. அழைக்கிறார். அந்தப் பக்கம் இருப்பவன் ரிமோட் ஆப் நிறுவச் சொல்கிறான். இல்லாத திருடனைப் பிடிக்கப் போய் உண்மையான திருடனை வீட்டுக்குள் கூட்டிவந்தாயிற்று.

சோதித்துப் பார்க்கும் ஆர்வத்தில் டிவைஸ் மேனேஜரைத் திறப்பவர்கள் அங்கே கீபோர்டு என்று மூன்று நான்கு வரிகள் இருப்பதைப் பார்த்துக் கலங்குவார்கள். பெரும்பாலும் ஒன்றுமில்லை. கூடுதல் பொத்தான் உள்ள மவுஸ், வயர்லெஸ் டாங்கிள், சில ஹெட்செட்கள்கூடத் தங்களைக் கீபோர்டாகவும் பதிவுசெய்துகொள்ளும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு எந்த வரி மறைகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். தமிழில் எழுதுகிற நமக்கு இன்னொரு தொல்லை. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை மாதிரியான நிரல்கள் நீங்கள் அழுத்தும் ஆங்கில விசையை இடையில் பிடித்துத் தமிழ் எழுத்தாக மாற்றித்தான் தருகின்றன. விசையை இடையில் பிடிப்பது உளவு நிரலும் செய்கிற வேலை. ஆகவே ஏதாவது ஒரு ஆன்டிவைரஸ் இவற்றைப் பார்த்து முறைப்பதில் ஆச்சரியமில்லை. அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், யாரோ அனுப்பிய ஜிப் ஃபைலில் வந்ததென்றால் முறைப்பை நம்பலாம். மனசு கேட்காதவர்கள் விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஒருமுறை ஓட்டலாம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சி.இ.ஆர்.டி.-இன் (CERT-In) நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன.

கீபோர்டுதான் என்று உறுதியான பிறகு, பெங்களூரின் கம்ப்யூட்டர் கடைத் தெருவான எஸ்.பி. ரோடு. 500 ரூபாய்க்குள் ஒரு யு.எஸ்.பி. கீபோர்டு வாங்கிச் செருகினால் தட்டுவதற்கு ஒன்று கிடைக்கும், ஆனால் உள்ளே இருக்கும் பழையது தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டேதான் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் அதை நீக்கினால் ரீஸ்டார்ட் ஆனதும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். உருப்படியான வழி ரிப்பன் கேபிளைக் கழற்றிவிடுவது. சில மாடல்களில் பவர் பட்டனும் அதே கேபிளில் வருகிறது, கழற்றினால் லேப்டாப்பை ஆன் செய்ய முடியாது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விசை மூடிக்கு அடியில் மட்டும் பிசுக்கு என்றால் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். டீ மூன்று அடுக்குத் தாளுக்குள் போய்விட்டால் எத்தனை துடைத்தாலும் கொஞ்ச நாளில் திரும்ப வரும். பெரியப்பா லேப்டாப்பைப் பார்த்த கடைக்காரர், வாணியம்பாடிப் பக்கத்து ஆள், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காமலே சொன்னார்: "பழைய மாடலா இருந்தா நாலு ஸ்க்ரூ, பத்து நிமிஷம் சார். இது கீபோர்டையும் மேல் தகட்டையும் பிளாஸ்டிக்குல உருக்கி ஒட்டியிருக்கான். தகட்டோட சேத்து மாத்தணும், இல்லன்னா ஒவ்வொரு புள்ளியா பேத்து எடுக்கணும். நாளைக்கு வாங்க."

லேப்டாப்பைக் கடையில் விட்டுவிட்டுப் போகும் முன் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்துக்கொள்வதும், பிரவுசரில் ஈமெயில், வங்கி எல்லாவற்றிலிருந்தும் லாக் அவுட் செய்வதும் நல்லது. கீபோர்டு மாற்றுவதற்கு விண்டோஸ் பாஸ்வேர்டு தேவையில்லை. பயாஸிலேயே தட்டிச் சோதித்துவிடலாம். அப்படியும் கடைக்காரர் கேட்டால், சோதிக்கும்போது நானே எதிரில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம், எஸ்.பி. ரோட்டில் அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.